இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டுப் போட்டிகளில் பரிசுகள் வந்தன, அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது, தேர்ச்சியும் கூடியிருக்கிறது. அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், எட்டாம் வகுப்பு ஆங்கில ஒப்படைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் விநோதமான சொலவடைகள் எப்படிப் பிறந்தன என்று சார்ட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தோம். பிள்ளைகள் ஆசையாகச் செய்தார்கள். ஆனால் பெரும்பாலான சார்ட்டுகளில் இருந்தவை வாட்ஸ்அப்பில் சுற்றும் அதே கதைகள்.

மழை கொட்டித் தீர்ப்பதைச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நாயும் பூனையும் புல் கூரைமேல் படுத்திருக்குமாம், பெருமழையில் வழுக்கி விழுமாம். இது 1999-இல் மின்னஞ்சலில் பரவிய கட்டுக்கதை. கூரை வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்தச் சரிவில் நாய் படுக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். 1651-இல் ஹென்றி வாகன் என்ற கவிஞர் நாயும் பூனையும் மழையாய்ப் பொழிவதை எழுதியிருக்கிறார். இன்றைய வடிவிலேயே அதை 1738-இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர் எழுதினார். அது எதிலிருந்து பிறந்தது என்று யாரும் உறுதியாக நிறுவவில்லை. ஆகவே 'தெரியவில்லை' என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுத்தோம்.

கடைசி நொடியில் தப்புவதைச் சொல்லும் 'சேவ்ட் பை த பெல்' என்பதும் அப்படித்தான். உயிரோடு புதைத்தவர் சவப்பெட்டியிலிருந்து மணியடித்துத் தப்பினார் என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் அது குத்துச்சண்டை மேடையிலிருந்து வந்தது. கீழே விழுந்தவரை நடுவர் பத்து வரை எண்ணி முடிப்பதற்குள் சுற்று முடியும் மணி அடித்துவிட்டால் அவர் பிழைத்தார்.

ஒரு மாணவி 'ரீட் த ரயட் ஆக்ட்' பற்றி எழுதியிருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. 1715-இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டம் அது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால் அதிகாரி ஓர் அறிவிப்பை உரக்க வாசிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் மரண தண்டனை வரை போகலாம் என்று அன்று இருந்தது. கடுமையாகக் கண்டிப்பதை இன்றும் அப்படிச் சொல்கிறார்கள். எந்தப் புத்தகத்தில் படித்தாள் என்பதையும் அடியில் குறித்திருந்தாள்.

மதிப்பெண் குறைந்ததும் சில பெற்றோர் வகுப்புக் குழுவிலும், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு நேரிலும், "நெட்லயே இருக்கு, டீச்சருக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதை ஏற்க முடியாது. சந்தேகம் இருந்தால் என்னிடம் வாருங்கள். ஆசிரியரைப் பிள்ளை முன்னால் அவமதிக்க வேண்டாம். மதிப்பெண்களையும் கேட்டதற்காக மாற்ற மாட்டோம்.

ஆனால் திருத்தி எழுத வாய்ப்பு உண்டு. மூன்றாம் பருவத்தின் முதல் வாரத்துக்குள் புதிய சார்ட்டைக் கொடுக்கலாம். எங்கிருந்து எடுத்தது என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளி நூலகத்தில் நல்ல ஆங்கில அகராதிகள் இருக்கின்றன, விடுமுறைக்கு முன்பே எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

வேலைக்கு நடுவிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சார்ட் ஒட்டிக் கொடுத்தீர்கள். அந்த அக்கறைக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்