எரிவாயுக் குழாயில் எங்கள் வாயுவுக்கும் ஒரு வாசல் வேண்டும்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், புது தில்லி. கூடவே, கொங்கு மாவட்டங்களில் நகர எரிவாயு வினியோக உரிமம் பெற்றிருக்கும் நிறுவனங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

பல்லடம் வட்டத்தில் கொஞ்சம் தோட்டமும் கறிக்கோழிப் பண்ணையும் வைத்திருப்பவன் நான். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பண்ணைக்காரர்களும் பால்மாடு வைத்திருப்பவர்களும் சேர்ந்து, பொதுவில் ஒரு பயோமீத்தேன் ஆலை, அதாவது சாணத்திலும் எச்சத்திலும் வரும் வாயுவைச் சுத்தம் செய்து எரிவாயுவாக்கும் ஆலை, போடலாமா என்று பேசி வருகிறோம். எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வங்கிக்குப் போனால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வியே, "வாயுவை யார் வாங்குறாங்க, குழாய்ல விட அனுமதி இருக்கா?" என்பதுதான். பக்கத்தில் குழாய் பதித்திருக்கும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் போய்க் கேட்டோம். அதெல்லாம் தலைமை அலுவலகம் பார்க்க வேண்டியது என்றார்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுதினோம், பதில் இல்லை. சரி, ஊரறியவே எழுதிவிடுவோம் என்றுதான் இந்த மடல்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. தரம் சரியாக இருக்கும் ஆலைக்கு, அருகிலுள்ள குழாயில் இணையும் உரிமை எழுத்தில் வேண்டும். விண்ணப்பம் கொடுத்தால் எத்தனை நாளில் பதில் வரும், இணைப்புச் செலவு யாருடையது, மறுத்தால் என்ன காரணம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் விதியில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனமும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினால் யார் சொல் எடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

கொங்கு நாட்டில் எரிவாயுக் குழாய் என்றதும் ஜனங்களுக்கு மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயில்தான் ஞாபகம் வரும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டத் தோட்டங்களுக்கு ஊடாகக் குழாய் வருகிறது என்றபோது நடந்த போராட்டங்கள் உங்கள் கோப்புகளில் இருக்கும். 2013-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, விளைநிலம் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016-ல் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாக வந்தது. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் நம்முடையதுதான்; ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்குச் சட்டம் சொன்ன தொகை நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பழைய சண்டையைக் கிளற இதைச் சொல்லவில்லை. எங்கள் மண்ணுக்குள் குழாய் இறக்குவதற்குச் சட்டம் இத்தனை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குழாய்க்குள் எங்கள் வாயு ஏறுவதற்கும் அதே தெளிவு வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மத்திய அரசு சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2018 அக்டோபரில், இப்படிப்பட்ட வாயு ஆலைகளை ஊக்குவிக்கும் சதத் (SATAT) திட்டம் வந்தது. 5,000 ஆலைகள் என்றார்கள். 2023 நவம்பரில் கலப்புக் கட்டாயம் அறிவிக்கப்பட்டது: சிஎன்ஜியிலும் வீட்டுக் குழாய் எரிவாயுவிலும் 2025-26-ல் 1 சதவீதம், அடுத்த ஆண்டு 3, அதற்கடுத்து 4, 2028-29 முதல் 5 சதவீதம் இந்த வாயு இருக்க வேண்டும். ஆலையிலிருந்து நகரக் குழாய் வரை இணைப்புக் குழாய் பதிக்க உதவும் திட்டத்துக்கு 994.5 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வாங்குகிறவருக்குக் கட்டாயம் இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது. விற்க வருகிறவனுக்குத்தான் வாசல் எது என்று தெரியவில்லை.

குழாய் இல்லாவிட்டால் என்ன, சிலிண்டரில் அடைத்து லாரியில் அனுப்பலாமே என்பீர்கள். இப்போது பல ஆலைகள் அப்படித்தான் செய்கின்றன. அதற்கு வாயுவை 250 பார் வரை அழுத்த வேண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கம்ப்ரஸருக்குக் கரண்டு செலவு, கனத்த இரும்புச் சிலிண்டர்களைச் சுமக்க டீசல், வண்டி திரும்பி வரும் வரை காத்திருப்பு. ஆனால் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கரியமில வாயுவைத் தண்ணீரில் கழுவி எடுக்கும் முறையில், சுத்தமான வாயு கழுவும் கோபுரத்தைவிட்டு வரும்போதே ஏழெட்டு பார் அழுத்தத்தில் இருக்கும். தெருவில் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் ஓடுவது 4 பார் அளவில்தான். அதாவது அழுத்தத்தைக் கூட்ட வேண்டிய வேலையே இல்லை, குறைத்தால் போதும். குழாய் அரை கிலோமீட்டரில் இருக்கும்போது இதே வாயுவை 250 பாருக்கு ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவது வீண் வேலை.

தரத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. கந்தகம் இருந்தால் குழாய் அரிக்கும், ஈரம் இருந்தால் மீட்டர் கெடும். இந்தியத் தரநிலை 16087 சொல்லிவிட்டது: மீத்தேன் குறைந்தது 90 சதவீதம், கரியமில வாயு 4 சதவீதத்துக்குள், ஆக்ஸிஜன் 0.5-க்குள், கந்தகம் ஒரு கன மீட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள். நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சோதிக்கும் கருவி யாருடையது, யார் பராமரிப்பது, அளவு தவறினால் வால்வை மூடும் அதிகாரம் யாருக்கு? பால் சொசைட்டியில் கொழுப்பும் சத்தும் எங்கள் கண்ணெதிரே பார்த்துச் சீட்டு கொடுக்கிறார்கள். அதனால்தான் நம்பி ஊற்றுகிறோம். இங்கேயும் அளவீடு இரண்டு தரப்புக்கும் அதே நேரத்தில் தெரிய வேண்டும். வால்வு மூடினால் மறுபடி எப்போது திறக்கும் என்பதும் விதியில் வேண்டும்.

செலவுப் பங்கீட்டுக்கு வெளிநாட்டில் முன்மாதிரி உண்டு. ஜெர்மனியில் 2010-ல் வந்த விதி, இணைப்புச் செலவில் 75 சதவீதத்தைக் குழாய் நிறுவனத்தின் தலையில் வைத்தது. ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் ஆலையின் பங்கு இரண்டரை லட்சம் யூரோவைத் தாண்டக் கூடாது என்றது. இணைப்பு, குழாய் நிறுவனத்தின் சொத்தாக இருந்தது, பராமரிப்பும் அதன் பொறுப்பு. 96 சதவீத நேரமாவது அது இயங்க வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது. பிரான்ஸ் 2018-ல் பயோமீத்தேனைக் குழாயில் ஏற்றும் உரிமையைச் சட்டமாகவே எழுதியது. அதே எண்களை இங்கே கொண்டு வாருங்கள் என்று கேட்கவில்லை. ஏதோ ஒரு எண் எழுத்தில் இருந்தால்தான் வங்கி மேலாளர் பேனாவை எடுப்பார்.

இன்னொரு சிக்கலை நானே சொல்லிவிடுகிறேன். ஆலை இரவும் பகலும் வாயு விடும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் சமைப்பதில்லை. வீட்டு இணைப்பு மட்டும் உள்ள சின்னக் குழாயில் அந்த நேரத்தில் வாயு எங்கே போகும்? பிரான்ஸில் மிஞ்சுவதை அழுத்தி, அதிக அழுத்தமுள்ள பெரிய குழாய்க்குத் திருப்பி அனுப்பும் நிலையங்கள் உண்டு. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருப்பூரில் சாயப்பட்டறைகளின் பாய்லரும், துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் எந்திரமும் ராத்திரியும் ஓடுகின்றன. அவற்றில் நிறைய இன்னும் விறகில்தான் ஓடுகின்றன. தொழிற்சாலைகளுக்குப் போகும் குழாயில் எங்களை இணையுங்கள், பிரச்சினை பாதி தீரும். கட்டாயக் கலப்பில் தொழிற்சாலை விற்பனை கணக்கில் வராது என்பது எனக்குத் தெரியும். குழாய்க்குள் போனபின் வாயு எல்லாம் ஒன்றுதானே. கணக்கை மீட்டரில் வையுங்கள்.

அப்புறம், அளவு. சாணத்தை மட்டும் நம்பினால் ஒரு டன்னுக்குச் சுமார் 16 கிலோ பயோமீத்தேன்தான் கிடைக்கும். நாமக்கல் முட்டைக்கோழி எச்சம் சுத்தமானது, வாயு நன்றாக வரும். அதில் தழைச்சத்து கூடிப்போய் அம்மோனியா நுண்ணுயிரைக் கொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கறிக்கோழிப் பண்ணை எருவில் பாதி தென்னை நார்க்கழிவு, அது லேசில் மக்காது. ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைத் திப்பி (கிழங்குச் சக்கை), கரும்பாலைக் கழிவு எல்லாம் கலந்தால்தான் சரிப்படும். ஆகவே ஊருக்கு ஊர் சாண எரிவாயுக் கலன், நடுவில் ஒரே சுத்திகரிப்பு நிலையம் என்ற அமைப்பே இங்கே பொருந்தும். கலனிலிருந்து நிலையத்துக்குக் குறைந்த அழுத்தத்தில், இன்னும் சுத்தம் செய்யாத வாயுவுக்கான குழாய் வர வேண்டும். அது ஊராட்சிச் சாலையையும் பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட) வாய்க்காலையும் தாண்டியாக வேண்டும். இந்தச் சின்னக் குழாய்க்கு எந்த விதி, யார் அனுமதி என்பதையும் இதே கையோடு எழுதிவிடுங்கள். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக அலைந்தால் ஆலை வருவதற்குள் எங்கள் பிள்ளைகளுக்கு வயசாகிவிடும்.

இது கொங்குக்குப் புதிதும் அல்ல. மில்காரர்கள் 1990-களிலேயே உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை போட்டு, மின்வாரியக் கம்பியில் மின்சாரத்தை ஏற்றி, கோவையிலுள்ள மில்லில் இறக்கிக்கொண்டார்கள். அதற்குக் கட்டணம், மீட்டர், சேமிப்புக் கணக்கு எல்லாம் விதியாக இருந்தது. விதி இருந்ததால் கடன் கிடைத்தது, காற்றாலை வந்தது.

வரைவு தயாரானதும் வழக்கம்போல ஆங்கிலத்தில் இணையத்தில் ஏற்றி, சில வாரங்களில் கருத்துக் கேட்டு முடித்துவிட வேண்டாம். தமிழில் வெளியிடுங்கள். திருப்பூரிலோ நாமக்கல்லிலோ ஒரு நாள் நேரில் வந்து கேளுங்கள். இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. வரும்போது இணைப்பு விண்ணப்பப் படிவத்தின் மாதிரி ஒன்றையும் கொண்டு வந்தால், அன்றைக்கே நிரப்பிக் கொடுக்க ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
பல்லடம் வட்டத்து விவசாயி ஒருவன்