பில் போடும் இடத்தில் ஒரு காலிக் கூடை வையுங்கள்

தர்மபுரி நகரில் சூப்பர் மார்க்கெட்டும் பெரிய மளிகைக்கடையும் நடத்துகிற அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். மாதம் ஒருமுறை, 5ஆம் தேதிக்கும் 8ஆம் தேதிக்கும் நடுவில் உங்கள் கடைக்கு வருகிறவள் நான். வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. நான் இங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். மளிகைக்கு என்று எடுத்து வைக்க முடிவது 3,500 ரூபாய். காய்கறி, பால், கேஸ் எல்லாம் தனி.

சில மாதங்களுக்கு முன் உங்களில் ஒருவர் கடையில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கடை என்பது வேண்டாம். எந்தக் கடையாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். சாயங்காலம் ஏழு மணி, நல்ல கூட்டம். என் மகள் நாலாவது படிக்கிறாள், புதிதாகப் பெரிய எண்கள் படிக்கக் கற்றிருந்தாள். பில் போடும் பெண் ஒவ்வொரு பொருளாகக் காட்டக் காட்ட, திரையில் ஏறுகிற தொகையை இவள் சத்தமாகப் படித்தாள். "அம்மா, மூவாயிரம் தாண்டிடுச்சு!" பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைசியில் 3,742 என்று நின்றது. என் கையில் 3,500தான். எதையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அந்தப் பெண்ணுக்கு அந்த அதிகாரம் இல்லை போலிருக்கிறது. "சார், கேன்சல்!" என்று கடைக்கோடி வரை கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். சாவியோடு ஒருவர் வந்து சேரும்வரை வரிசையே என் பையைப் பார்த்துக்கொண்டு நின்றது. நல்லெண்ணெயும் இரண்டு சோப்பும் திரும்பிப் போயின. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள், குரல் அப்படித்தான் வரும்.

ஆனால் அதற்கு அடுத்த மாதம் கதவைத் திறந்து உள்ளே வந்ததுமே எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பருப்பு அடுக்குக்கு முன் நின்றேன். துவரம் பருப்பே பத்துப் பன்னிரண்டு வகை. எதை எடுத்தாலும் தப்பு என்று தோன்றியது. போனில் கூட்டிக்கொண்டே வந்த கணக்கு எங்கேயோ விட்டுப்போயிற்று. பாதி நிறைந்த கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். நாலு ரோடு பக்கமிருந்து வந்த பஸ்களைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம். பசித்தவள்தான் கடையில் தடுமாறுவாள் என்பதில்லை. எண்ணி எண்ணியே சோர்ந்தவளும் தடுமாறுவாள்.

ரேஷன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கும்பிட்டுச் சொல்கிறேன். அரிசிக்குக் காசில்லை, துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25, சர்க்கரை 25. 2023லிருந்து நம் மாவட்டத்தில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் ராகியும் வாங்கிக்கொள்ளலாம். களி கிண்டுகிற ஊருக்கு அது பெரிய உதவி. மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் வருகிறது. நம் தொப்பூரில்தானே அதற்கான விண்ணப்ப முகாமைத் தொடங்கி வைத்தார்கள். அந்த ஆயிரம் பால்காரர் கணக்குக்குச் சரியாகிவிடுகிறது. மிளகாய், சீரகம், புளி, கடலை எண்ணெய், துணி சோப்பு, பிள்ளைக்குப் பிஸ்கட், இவற்றுக்கெல்லாம் உங்களிடம்தான் வர வேண்டும்.

என் அம்மா காலத்து மளிகைக்கடையில் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். கடைக்காரர் அதன் ஓரத்திலேயே விலை போட்டுக் கூட்டி, "இவ்வளவு ஆகுதும்மா, எதக் கொறைக்கலாம்?" என்று கேட்பார். பொட்டலம் கட்டும் முன்பே கேட்பார், அதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்காக அந்தக் காலத்தைத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். கணக்கு நோட்டில் என்ன ஏறியது என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. கடன் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதும் ஆளைப் பார்த்து, தெருவைப் பார்த்துத்தான். உங்கள் கடையில் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

விலை ஒன்று, ஆனால் ஒப்பிட முடியவில்லை. கடலை எண்ணெய் அடுக்கில் ஒரு பாக்கெட் 135 ரூபாய், பக்கத்தில் இன்னொன்று 155. யாரும் 135ஐத்தான் எடுப்பார்கள். நானும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் 850 மில்லிதான், 155 ரூபாய் பாக்கெட்தான் முழு லிட்டர். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 158 ரூபாய் 80 காசு! பாக்கெட்டின் மேல் அளவுக்கான விலையை அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அச்சிட்டும் இருக்கிறார்கள். ஆனால் லிட்டருக்குக் குறைந்தால் மில்லிக்கு இவ்வளவு என்று 0.16 போல ஒரு எண், லிட்டருக்கு மேல் போனால் லிட்டர் கணக்கு. எறும்பு எழுத்தில் இருக்கும் அதைக் கண்ணைச் சுருக்கிப் படித்து யார் பெருக்கிப் பார்ப்பது? நீங்கள் அடுக்கில் ஒட்டுகிற விலைச் சீட்டில் "கிலோவுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு" என்று தமிழில் பெரிதாக ஒரு வரி சேருங்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கு அது ஒரு நிமிட வேலை.

இருபது ரூபாய்க்குச் சீரகம், பத்து ரூபாய்க்குப் பட்டை என்று நிறுத்துக் கொடுக்க ஒரு தராசு மூலை இருந்தால் நல்லது. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது எங்களுக்குச் சலுகையே இல்லை. நானூறு ரூபாய் சோப்பில் முடங்கினால் 20ஆம் தேதி பருப்புக்கு என்ன செய்வேன்?

இவற்றையெல்லாம்விட நான் முக்கியமாகக் கேட்பது ஒன்று. பில் போடும் இடத்தில் ஒரு காலிக் கூடை வையுங்கள். வேண்டாத பொருளை யாரையும் கூப்பிடாமல் அதில் போட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்கட்டும். நாலு பொருள் வரை சாவியில்லாமல் நீக்க அந்தப் பெண்களுக்கே அனுமதி கொடுங்கள். அதற்கும் முன்னால், வாசலுக்குப் பக்கத்தில், பொருளை நாமே காட்டித் தொகை பார்த்துக்கொள்ள ஒரு கருவி இருந்தால் பாதி வேர்வை குறையும்.

நானும் சும்மா இல்லை. இப்போது செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில், என் ஜெராக்ஸ் கடையில் அரை மணி அனுமதி கேட்டு வருகிறேன். ரேஷனில் என்ன கிடைத்தது என்று பார்த்த பிறகுதான் சீட்டு எழுதுகிறேன், காலண்டர் தாளின் பின்பக்கத்தில். முதலில் இல்லாமல் முடியாதவை, ஒரு கோடு, அதற்குக் கீழே ஆசைப்பட்டவை. கோட்டுக்கு மேலே உள்ளதை எடுத்து முடித்ததும் நின்று ஒரு முறை கூட்டுகிறேன். தக்காளியை இந்தக் கணக்கில் சேர்ப்பதேயில்லை, அது உழவர் சந்தையில். பாலக்கோட்டுப் பக்கம் விலையில்லாமல் ரோட்டோரம் கொட்டுகிற நாளும் உண்டு, 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டிய நாளும் உண்டு. அதை நம்பி யார் கணக்குப் போடுவது?

பள்ளி விடுமுறை என்றால் மகளும் கூட வருவாள். இப்போது அவள்தான் கணக்குப்பிள்ளை. திரையில் மூவாயிரத்து நானூறு வந்ததும் என் முந்தானையை இழுத்துக் காதருகே மட்டும் சொல்வாள். அடுத்த மாதம் 7ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. கூடை வைத்திருக்கிறீர்களா என்று அவளே பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
காலண்டர் தாளோடு வருகிற ஒருத்தி