நிக்கல் இருந்தும் ஒட்டாத ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், 'இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றையும் காந்தம் இழுக்கும். எனவே ஒரு நாணயத்தில் நிக்கல் இருக்கிறதா என்று பார்க்கக் காந்தம் போதும்' என்று எழுதியிருந்தார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை என் வீட்டு நாணய டப்பாவே ஒப்புக்கொள்ளவில்லை.

1964-இல் நேரு உருவத்தோடு வந்த ஒரு ரூபாய் நிக்கலால் ஆனது. காந்தத்தைக் காட்டினால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். எண்பதுகளில் வந்த ஒரு ரூபாயில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். காந்தம் வந்தாலும் அசையாது. 1992-இல் வந்த சின்ன ரூபாய் மறுபடி ஒட்டும். ஆனால் அது குரோமியம் கலந்த இரும்பு. நிக்கலுக்கு அதில் வேலையே இல்லை. அந்த விதியை நம்பிப் பிரித்தால் மூன்றில் இரண்டு தப்பு!

கால் பங்கு நிக்கலின் காந்தம் எங்கே போயிற்று? நிக்கல் அணுவின் வெளிப்பகுதியில் 10 எலக்ட்ரான்கள். உலோகமாகத் திரளும்போது சராசரியாக 9.4 எலக்ட்ரான்கள் '3டி' என்னும் ஆற்றல் பட்டையில் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுப்பில்) அமர்கின்றன. அங்கே அணுவுக்கு 10 இடம். டவுன் பஸ்ஸில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இருப்பதுபோல, ஒரு திசைச் சுழற்சிக்கு 5, எதிர்த்திசைக்கு 5. ஒரு பக்கம் நிரம்பி வழிய, மறுபக்கத்தில் 0.6 இடம் காலி. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம்; எதிரெதிர்ச் சுழற்சிகள் சமமாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக இல்லாத அந்த வித்தியாசம்தான் நிக்கலின் காந்தம்.

செம்பு அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் அதிகம். 100 நிக்கல் அணுக்களில் 60 காலி இடங்கள். அவற்றில் 60 அணுக்களை எடுத்துவிட்டுச் செம்பை வைத்தால் கூடுதலாக வரும் 60 எலக்ட்ரான்கள் எல்லா இடத்தையும் அடைத்துவிடும். செம்பு 60 சதவீதத்தை நெருங்கும்போது காந்தம் மறைவதும் உண்மை. நம் ரூபாயில் செம்பு 75. (1930-களில் பிரிட்டிஷ் இயற்பியலாளர் நெவில் மாட் முதலானோர் போட்ட கணக்கு இது. பிறகு வந்த ஒளிமின் சோதனைகள் (ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரான்களை வெளியேற்றி அளப்பவை), செம்புக்குள்ளும் நிக்கல் தன் எலக்ட்ரான்களைப் பெரிதும் தன்னிடமே வைத்துக்கொள்வதைக் காட்டின. ஆக, விளக்கம் இவ்வளவு எளிதல்ல. பள்ளி மாணவருக்கு இது போதும் என்பது என் எண்ணம்.)

பாத்திரக்கடையில் இந்த விதி தலைகீழாக நிற்கும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. இரும்பணுக்களின் அடுக்கையே நிக்கல் மாற்றிவிடுகிறது. அந்த அடுக்கில் அவற்றின் காந்தங்கள் ஒரே திசையில் அணிவகுப்பதில்லை. அதற்காக, ஒட்டாததெல்லாம் உசத்தி என்றும் வாங்கிவிட வேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. இண்டக்‌ஷன் அடுப்புக்கோ ஒட்டுகிற அடிப்பாகம்தான் வேண்டும்.

என்னிடம் படிக்க வரும் இரண்டு பிள்ளைகள் அந்த விதியை நோட்டில் சிவப்பு மையால் கட்டம் கட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். திருத்தத்தை மாணவர் பக்கத்திலேயே, அவர்கள் கண்ணில் படுகிற அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.