மைக்கோழி

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கிறாயா? போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். ‘குஞ்சு பொரிச்சிருக்கு’ என்பதோடு நிறுத்தியிருப்பாள். எனக்கு அது போதாது. உட்கார்ந்து எழுதினால்தான் முழுசாகச் சொல்ல முடியும்.

மாட்டுப் பொங்கலன்று விடியற்காலை கூடைக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில் ஏறுவதற்குள் பத்துக் குஞ்சும் வெளியே வந்துவிட்டன. பத்தும் சாம்பல். ஒன்றுகூடக் கறுப்பு இல்லை, ஒன்றுகூட வெள்ளை இல்லை. நான் இரண்டு தடவை எண்ணினேன், அம்மாவையும் எண்ணச் சொன்னேன்.

நீ ஐந்தாவது படிக்கும்போது நம் வீட்டில் ஒரு கோழி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உடம்பெல்லாம் அழுக்கு வெள்ளை, அங்கங்கே கருநீலப் பொட்டு. யாரோ பேனாவை உதறினது போல இருக்கும். நீதான் மைக்கோழி என்று பேர் வைத்தாய். ஸ்கூல் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அதற்கு நொய் வைப்பாய். நிறம் கெட்ட கோழி, இனத்துக்கு ஆகாது என்று நான் அதை ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தையில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி நீ சாப்பிடவே இல்லை. ‘அது என்ன தப்பு செஞ்சது’ என்று கேட்டாய். அதற்கான பதில்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சாம்பல் கோழி என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியும். கொட்டகை முழுக்கச் சாம்பலாகவே இருக்க வேண்டும் என்று சாம்பல் சேவலையும் சாம்பல் பெட்டையையும் சேர்த்துச் சேர்த்து அடை வைத்தேன். ஒரு தடவை பொரிக்கும் ஒவ்வொரு ஈட்டிலும் சாம்பல் பாதிதான் வரும். கறுப்பு சில வரும், மைக்கோழி ஒன்றிரண்டு வரும். பக்கத்துத் தெருச் சேவல் வந்து கெடுக்கிறது என்று வேலியை உயர்த்தினேன். அப்படியும் மாறவில்லை. மைக்கோழி எப்போது பிறந்தாலும் சந்தைக்கு அனுப்பினேன், இல்லாவிட்டால் குழம்புக்கு.

போன ஆடியில் பரணைச் சுத்தம் பண்ணும்போது நீ பிளஸ் டூவில் எழுதிய விலங்கியல், தாவரவியல் நோட்டுகள் கிடைத்தன. அந்தி மந்தாரைக்குக் கட்டம் போட்டு, கலர் பென்சிலால் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை அடித்திருந்தாய். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் எல்லாம் இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பையும் இளஞ்சிவப்பையும் கலந்தால் சிவப்பு 1, இளஞ்சிவப்பு 2, வெள்ளை 1. முழுமையற்ற ஓங்குத்தன்மை, அதாவது ஒரு நிறம் மற்றதை முழுசாக மறைக்காமல் நடு நிறம் வருவது. அத்தனை வருஷம் போர்டில் நானே எழுதிய பாடம். நோட்டை மூடிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். எதிரே முற்றத்தில் கறுப்பும் சாம்பலும் மேய்ந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு நடுவில் மைப்பொட்டு விழுந்த ஒரு வெள்ளைச் சேவல்.

அது நிறம் கெட்டது இல்லை, பாப்பா. கறுப்பு நிறத்தை வெளுக்க வைக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கறுப்பு சாம்பலாகிறது. அம்மா, அப்பா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் கிட்டத்தட்ட வெள்ளையாகி, பொட்டுப் பொட்டாகக் கொஞ்சம் கறை மட்டும் தங்குகிறது. சாம்பல் என்பதே பாதிப் பங்கு. அதனால் சாம்பலோடு சாம்பலைச் சேர்த்து முழு ஈடும் சாம்பலாக எடுக்கவே முடியாது. கறுப்போடு மைக்கோழியைச் சேர்த்தால்தான் முடியும். நான் எதைக் கழித்துக்கொண்டே இருந்தேனோ அதுதான் வேண்டியிருந்தது.

சந்தைக்குப் போக இருந்த அந்தச் சேவலை நிறுத்திவிட்டேன். மூன்று கறுப்புப் பெட்டைகளை அதோடு தனியாக அடைத்தேன். உடனே முட்டையைச் சேர்க்கவில்லை. முன்பு சேர்ந்த சேவலின் வித்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம்வரை தங்கும், அதுவரை இடும் முட்டைக்கு யார் அப்பன் என்று சொல்ல முடியாது. அதனால் மூன்று வாரத்து முட்டையெல்லாம் ஆம்லெட்டுக்குத்தான் போனது. அம்மாவுக்குக் கோபம். பிறகு பத்து நாளுக்குள் இட்ட 13 முட்டை சேர்ந்தது. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று உன் ஆயா சொல்வாளே, அதை மட்டும் நான் மாற்றவில்லை. கூடையில் மணல், மேலே வைக்கோல், ஒரு துண்டுக் கரி, ஒரு இரும்பு ஆணி. அடை உட்கார்ந்தது செவலை. அது முட்டைக்குச் சொந்தக்காரி இல்லை, ஆனாலும் அதைப் போலப் பொறுமை எதற்கும் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து கால்மணி நேரம் தீனி எடுத்துவிட்டு ஓடி வந்து உட்காரும்.

ஏழாம் நாள் ராத்திரி டார்ச்சுக்கு மேல் முட்டையை வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் சிவப்பு நூல், சிலந்தி காலை நீட்டியது போல. இரண்டு முட்டையில் ஒன்றுமே தெரியவில்லை, கூமுட்டை, எடுத்துவிட்டேன். கடைசி மூன்று நாள் கூடைப் பக்கமே போகவில்லை. 21ஆம் நாள் பொரிந்தது. பதினோராவது குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்டதோடு நின்றுவிட்டது. உடைத்து விடலாமா என்று கை போனது, விட்டுவிட்டேன். அது வரவில்லை. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

கறுப்புக் குஞ்சு பிறக்கும்போது வயிறும் இறக்கை நுனியும் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கலப்பு என்று நினைப்பார்கள். ரோமம் மாறும்போது போய்விடும். இந்தக் குஞ்சுகளிலும் வயிறு வெளுப்புத்தான், ஆனால் முதுகு அடுப்புச் சாம்பல் நிறம். காய்ந்த பிறகு கையில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு.

எது பெட்டை என்று அம்மா கேட்கிறாள். இதில் இப்போது தெரியாது. வரிக்கோழிக்குக் கறுப்புச் சேவல் சேர்த்திருந்தால் பிறந்த அன்றே சொல்லலாம். மனுஷரில் ஆணா பெண்ணா என்பது அப்பா வழி. கோழியில் அம்மா வழி. பெட்டைக்கோழி தன் வரியை ஆண் குஞ்சுக்குத்தான் கொடுக்கும், அதன் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். பொட்டில்லாதது பெட்டை. அடுத்த ஈடு அப்படி வைத்துப் பார்க்கப் போகிறேன்.

குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா தடுப்பு மருந்து சொட்டு விட்டாயிற்று. வெள்ளைக் கழிச்சல் நோயில் ஒரு ஈடு முழுக்கப் போனதை மறக்க முடியுமா? இப்போதைக்குப் பத்தும் உயிரோடு இருக்கின்றன. பகலில் பஞ்சாரத்துக்குள் நொய்யும் கேழ்வரகும், சாயங்காலம் செவலையோடு கொட்டகைக்குள். கீரி நடமாட்டம் இருக்கிறது.

வைகாசி ஒன்றுக்கு குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நீ வருகிறாய் அல்லவா? அதற்குள் இதெல்லாம் வெடையாகி, இளங்கோழியாக நிற்கும். அந்தச் சேவலை நான் விற்கவும் இல்லை, அறுக்கவும் போவதில்லை. நீ வந்து பார்க்கும்வரை நொய் வைக்க நான் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா