வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தாள் கொடுங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், அந்தப் பிரிவை நடத்தும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

என் தம்பி பைக்கில் போகும்போது ஒரு கார் இடித்துக் கீழே விழுந்தான். முன்கையில் எலும்பு முறிவு, நெற்றியில் ஒரு வீக்கம். எக்ஸ்ரே எடுத்தார்கள், மாவுக்கட்டு போட்டார்கள், டெட்டனஸ் ஊசி போட்டார்கள், "பயப்பட ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போகலாம், ஒரு வாரம் கழித்து வாங்க" என்று அனுப்பினார்கள். கிளம்பும்போது செவிலியர் ஏதோ சொல்லத்தான் செய்தார். கையை உயர்த்தி வைக்கச் சொன்னாரா, தொங்கவிடச் சொன்னாரா, எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, அவன் சட்டையில் இருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி 2 மணிக்கு வலி தாங்கவில்லை என்று எழுப்பினான். எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று அம்மாவும் நானும் எழுதிக் கொடுத்த மாத்திரையில் இன்னொன்றைக் கொடுத்தோம். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, தோல் மினுமினுவென்று இழுத்துப் பிடித்து, நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தன. சுண்டுவிரலைத் தொட்டேன். "நீ தொடுறதே தெரியலண்ணா" என்றான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். காலையில் வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்த செவிலியர் அவன் நகத்தை ஒருமுறை அழுத்தி விட்டுப் பார்த்தார், வெளுத்த இடம் வெளுத்தபடியே நின்றது. உடனே டாக்டரைக் கூப்பிட்டார், கட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டார்கள். கை தப்பியது. சுண்டுவிரலில் மட்டும் மரத்த உணர்வு இன்னும் இருக்கிறது.

அழுத்திய நகம் ஏறக்குறைய 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். மாத்திரை போட்ட பிறகும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, மரத்துப்போனாலோ அது சாதாரண முறிவு வலி இல்லை, உள்ளே தசைக்கு ரத்தம் போகாமல் இறுகுகிறது, சில மணி நேரம் விட்டால் தசை நிரந்தரமாகவே கெட்டுப்போகலாம். இது உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. எங்களுக்கு அந்த ராத்திரி தெரிந்திருந்தால் விடியும்வரை காத்திருக்கமாட்டோம்.

அதனால்தான் கேட்கிறேன், என்னென்ன வந்தால் உடனே திரும்பி வரவேண்டும் என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள், எழுதிக் கொடுங்கள். அடிபட்டவர் கையில் இல்லை, கூட வந்தவர் கையில். அடிபட்டவருக்கு அதிர்ச்சியும் ஊசி மயக்கமும் சேர்ந்து பாதி காதில் விழாது, விழுந்ததும் நிற்காது. விபத்து நடந்த கொஞ்ச நேரத்துக்கு பதற்றத்தில் சுரக்கிற அட்ரினலின் உடம்பில் ஓடுவதால் வலியே சரியாகத் தெரியாது, "எனக்கு ஒன்னும் இல்லை" என்று எழுந்து நடப்பவர்கள் எத்தனை பேர். அடுத்த நாள் கழுத்தைத் திருப்ப முடியாதபோதுதான் தெரியும்.

தலையில் அடி என்றால் இன்னும் மோசம். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கு பழகும்போது விழுந்தார். எழுந்து பேசினார், நன்றாக இருக்கிறேன் என்றார், வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் தலைவலி. 2 நாளில் இறந்துபோனார், மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தக்கசிவு. பேசிக்கொண்டிருக்கிறாரே என்று நம்பி வீட்டில் இருப்பவர்கள் விட்டுவிடுகிற இடம் இதுதான். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சு குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது, இதில் ஒன்று வந்தாலும் நேரம் பார்க்காமல் ஓடி வா என்று எழுதுங்கள். தூங்க விடலாமா கூடாதா என்பதையும் எழுதுங்கள், அதற்காக வீடுகளில் ராத்திரி முழுக்கச் சண்டை நடக்கிறது. வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் தனியாக ஒரு வரி வேண்டும், அவர்களுக்கு மெதுவாகக் கசிந்து வாரக்கணக்கில் கழித்துக்கூடத் தடுமாற்றமாக வரலாம், அதற்குள் விழுந்ததையே மறந்திருப்பார்கள்.

வயிற்றில் அடிபட்டவர்களுக்கு மண்ணீரல் சில நாள் கழித்துக்கூட உடைந்து ரத்தம் கசியலாம், இடது தோள்பட்டை வலியும் தலைசுற்றலும் அதன் அடையாளமாக இருக்கலாம் என்று எந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்? காலில் கட்டோடு படுத்திருப்பவருக்குக் கெண்டைக்கால் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்கினால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், நிர்வாகிகளுக்கு ஒரு விஷயம். எக்ஸ்ரே, ஸ்கேன், காயம் பற்றிய குறிப்பு எல்லாவற்றின் நகலையும் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். விபத்து எப்படி நடந்தது என்று அன்றைக்கு நீங்கள் எழுதுகிற வரிதான் பிறகு இன்சூரன்ஸிலும் நீதிமன்றத்திலும் பேசப்போகிறது, அதைக் கூட வந்தவருக்குப் படித்துக் காட்டுங்கள், தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தலாம். எங்களை இடித்தவர் தரப்பு மூன்றாம் நாளே ஒரு தொகையோடும் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு காகிதத்தோடும் வந்துவிட்டது. காயம் முழுதாக ஆறி, கை எவ்வளவு வேலை செய்யும் என்று தெரிவதற்கு முன்னால் "இத்தோடு முடிந்தது" என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று அம்மாவுக்கு யாரோ சொன்னதால் தப்பித்தோம். அதைச் சொல்வது உங்கள் வேலை இல்லைதான். ஆனால் தாளின் கடைசியில் ஒரு வரி போட இடம் இருக்கும்.

தம்பி இப்போதும் ஹாரன் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறான். முதல் சில வாரங்களுக்கு இது இயல்பு, ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் நடுக்கமும் விடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நாங்களாகத் தேடித்தான் தெரிந்துகொண்டோம்.

ஒரே ஒரு தாள் போதும். நோயாளியின் மொழியில், பெரிய எழுத்தில், வீட்டில் கண்ணாடி போட்டுப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி. மேலே ஒரு போன் நம்பர், ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டாலும் யாராவது எடுக்கிற நம்பர்.

இப்படிக்கு,
அந்த ராத்திரி விடியட்டும் என்று காத்திருந்த அண்ணன்