ஆவணியில் இறங்குகிறோம்

கோத்தகிரி
18.6.2025

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகம்தானே? போனில் பேசி முடிக்க வேண்டிய விஷயத்துக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பிப்பதற்குள் நீ நாலு வார்த்தை பேசிவிடுகிறாய். அப்புறம் போன் அம்மா கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி, மாப்பிள்ளைக்கும் காட்டு.

நீ கேட்ட பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிறோம். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஈரோட்டுக்கே வந்துவிடுகிறோம். ஆனால் நீ சொல்கிற மாதிரி இந்த ஆனியில் இல்லை, ஆவணியில். சித்திரையில் கூப்பிட்டாய், நான் பிடிகொடுக்கவில்லை. இப்போது "மழை இவ்வளவு முன்னாடியே பிடிச்சிருச்சு, இனி என்னப்பா, கிளம்புங்க" என்கிறாய். உனக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடிப்பதாக அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். இழுத்தடிக்கவில்லை. மாதத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாயி கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964-இல் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளிக்காரர்களில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் நாமும் அடக்கம். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் உன் அப்பாயி. மலைக் குளிரைத் தவிர வேறு எதுவும் தெரியாத உடம்பு. 1972-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அது நல்ல சித்திரை மாதம். விட்டுவர மனசில்லாமல் கம்பளியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். முகாமுக்கு வந்த முதல் வாரத்திலேயே உடம்பெல்லாம் வேர்க்குரு பொரிந்து, சொறிந்த இடமெல்லாம் புண். சோறு இறங்கவில்லை. ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் கிடப்பாள். கொஞ்ச நேரத்தில் துண்டு காய்ந்துவிடும், நான் மறுபடி நனைத்துக் கொண்டுவர வேண்டும். எனக்கு அப்போது பத்து வயது. எனக்கு அந்த வெயில் விளையாட்டு, அவளுக்கு அது வியாதி. பிறகு இங்கே நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்காக அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து, கோத்தகிரி ரோட்டில் பஸ் பாதி தூரம் ஏறியதும் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். அன்று இரவுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

வெயிலுக்கு உடம்பு பழகாது என்று நான் சொல்லவில்லை. பழகும், ஆனால் படிப்படியாகப் பழக வேண்டும். இளவயசுக்காரர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும் என்கிறார்கள். எங்கள் வயதுக்கு அதெல்லாம் பற்றாது. ஆவணியில் வந்தோமானால் புரட்டாசியில் உங்கள் ஊருக்கு இடி மழை, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, மார்கழி தையில் நல்ல பனி. பங்குனி பிறப்பதற்குள் முழுசாக ஆறு மாதம் கையில் இருக்கும். இப்போதே வந்தால், ஆனியிலும் ஆடியிலும் உங்கள் ஊரில் மழை ஏது? மேற்கே எல்லா மழையையும் மலை வாங்கிக்கொண்டு உங்களுக்கு வெறும் காற்றையும் புழுதியையும்தான் அனுப்பும்.

போன வருடம் சித்திரையில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானதே, 2024 ஏப்ரல் கடைசியில். 1951-இலிருந்து இவ்வளவு அடித்ததில்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா, அது எங்க ஊர் ராத்திரி" என்றாய். ஈரோட்டில் அப்போது 42. உன் சிரிப்பில் தப்பில்லை. ஆனால் இங்கே ஓட்டு வீடும் தகரக் கூரையும் குளிருக்காகக் கட்டியவை. ஜன்னல் சின்னது, கூரை தாழ்வு, ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது. நம் வீட்டுக்கு டேபிள் ஃபேன் வந்ததும் அந்த மாதம்தான். கடைக்காரர் பையன், இதைவிடப் பெரியது நேற்றே தீர்ந்துபோச்சு என்றான். கோத்தகிரியில் ஃபேனுக்குத் தட்டுப்பாடு வருமென்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் கேட்கிறார்: "குளிர்தான் முன்ன மாதிரி இல்லையே, இப்பப் போய் எதுக்கு இறங்கறீங்க?" அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். குளிர் குறைந்ததால்தான் எனக்கு இங்கே முடியாமல் போனது.

தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டுகிற பகுதியில் சுவரில் மாட்டியிருக்குமே இரட்டைத் தெர்மாமீட்டர், சின்ன வயசில் உன்னைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். ஒன்று சும்மா இருக்கும், இன்னொன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். காற்று காய்ந்திருந்தால் ஈரத் துணிக்காரன் கீழே போய்விடுவான். மூடுபனியில் இரண்டும் ஒரே எண்ணில் நிற்கும். கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது எவ்வளவு நேரத்தில் வாடும், சூடு காற்று விட வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் சொல்லும். வேலைக்காலம் முழுக்க ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அதை எழுதியவன் நான். ரிட்டயர் ஆன பிறகும் பழக்கம் விடாமல் வீட்டில் ஒன்று மாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா திட்டத் திட்ட.

மார்கழி தையில் இங்கே இடைவெளி நன்றாக அகன்றிருக்கும். ராத்திரி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், காற்று அசையாது. தரையில் இருக்கிற சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி ஓடைப் பள்ளத்தில் உட்காரும். அதனால்தான் உறைபனி எப்போதும் பள்ளத்தில் விழுகிறது, சரிவில் இருக்கிற நம் வீடு தப்பிக்கிறது. விடிந்ததும் வெயில் கண்ணைப் பறிக்கும். பனியில் விறைத்த கொழுந்தின் மேல் அந்த வெயில் பட்டதும் செடி கருகும், அது தோட்டத்துக்கு நட்டம். ஆனால் மனுசனுக்கு அந்தக் குளிர் மருந்து. துணி பகலிலேயே காய்ந்துவிடும், சுவர் காய்ந்துவிடும், நெஞ்சில் சளி நிற்காது. கருகாமல் தப்பித்த கொழுந்திலும் அந்த மாதத்தில்தான் வாசனை. குளிரில் மெதுவாக வளர்வதால் அப்படி. பனிக்காலத் தூளுக்கென்று ஏலத்தில் தனி விலை வைத்து வாங்குபவர்கள் உண்டு.

இப்போது அந்த மாதங்களிலேயே மேகம் வந்து கவிந்துகொள்கிறது. 2021 தையில் பொங்கலன்றும் மழை. கீழே டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து வயலிலேயே முளைத்தது உனக்கு நினைவிருக்கும். இங்கே பனி விழவில்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். மேகம் மூடினால் பனி விழாதுதான், ஆனால் வெயிலும் வராது. இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே எண்ணில் நாள் கணக்கில் நிற்கும். ஜெர்கின் உள்பக்கம் பூஞ்சை பிடிக்கிறது. பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிட்டது. ராத்திரி எனக்கு இழுப்பு வருவது கடுங்குளிர் நாளில் இல்லை, இந்த நசநசப்பு நாட்களில்தான். அம்மாவுக்கு முட்டியும் அப்படியே. வெறும் குளிராக இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் இங்கேயே ஓட்டியிருப்போம்.

இந்த வருடம் நடந்ததைப் பார். கத்திரி வெயிலே முடியவில்லை, மே 24-ஆம் தேதியே கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. வழக்கமாக ஜூன் 1. நீலகிரிக்கு மறுநாளிலிருந்தே ரெட் அலர்ட். அவலாஞ்சி, அப்பர் பவானி, கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் கொட்டு கொட்டென்று கொட்டியது. டிவியில் பார்த்துவிட்டு நீ பதறிப்போய்க் கூப்பிட்டாய். நமக்கும் அவலாஞ்சிக்கும் நடுவில் தொட்டபெட்டா நிற்கிறது, பாப்பா. தென்மேற்கு மழை அதைத் தாண்டி வரும்போது பாதி காலியாகிவிடும். நமக்குத் தூறலும் மூட்டமும்தான். ஆனால் அந்தத் தூறல் போதும். கொப்புள நோய் இப்போதே தேயிலை இலையில் புள்ளி வைக்கத் தொடங்கிவிட்டது. பின்கட்டு பிளம்ஸ் மரத்தைச் சொன்னால் உனக்கு வருத்தமாக இருக்கும். அதற்குக் குளிர்காலத்தில் ஒழுங்காகக் குளிர் கிடைத்தால்தான் ஒரே சீராகப் பூக்கும். இந்த வருடம் ஒரு கிளை பூத்துக் காயும் ஆகிவிட்டது, பக்கத்துக் கிளை அப்போதுதான் மொட்டு. பழுத்த கொஞ்சத்திலும் மழை பட்டுத் தோல் வெடித்துவிட்டது. வெடித்த வாயில் எறும்பு. தேறியதை அம்மா சர்க்கரை போட்டுக் காய்ச்சி இரண்டு பாட்டிலில் அடைத்திருக்கிறாள், பேரனுக்கு.

சரி, ஐப்பசியில் வரலாமே, இன்னும் குளுமையாக இருக்குமே என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வடகிழக்கு மழை நம் பக்கத்து மழை. அது கீழேயிருந்து நேராக நம் சரிவில்தான் மோதும். 2009 நவம்பரை மறக்க முடியுமா? கேத்தி, குன்னூர், கோத்தகிரி என்று ஒரே ராத்திரியில் எங்கெங்கோ மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். ரோடு, ரயில் எல்லாம் அறுந்துபோய் நாம் பால் இல்லாமல் வரக்காப்பி குடித்தோம். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்த மாதத்தில் சாமான் வண்டியை மேட்டுப்பாளையம் ரோட்டில் இறக்க நான் தயாரில்லை.

புரட்டாசிக்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, குடி போகிற மாதமா அது என்கிறாள். ஆடியும் கூடாது. நான் இதிலெல்லாம் தலையிடுவதில்லை. எப்படியோ அவள் பஞ்சாங்கமும் என் நோட்டும் ஆவணியில் வந்து ஒன்று சேர்ந்தன. விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27, புதன். மறுநாள் வியாழன் வளர்பிறை பஞ்சமி. அன்று காலையில் கிளம்புகிறோம். சதுர்த்திக்குக் கொழுக்கட்டையை இங்கே பிடித்துப் படைத்துவிட்டு வருவதாக அம்மா முடிவு செய்துவிட்டாள்.

இனி வீட்டு விஷயம். மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கும் மாடி போர்ஷன் வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரியெல்லாம் கக்கும். தரைத்தளத்தில், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, வடக்கே ஜன்னல் வைத்ததாகப் பாருங்கள். அம்மாவின் முட்டிக்கும் படி ஏறாமல் இருப்பது நல்லது. உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும், ஒரே வீட்டில் வேண்டாம். இதில் கோபம் ஒன்றும் இல்லை. நீ வேலைக்குப் போய்விட்டு வருகிறவள், அம்மா காலை நாலு மணிக்கே பாத்திரத்தை உருட்டுகிறவள். இரண்டும் ஒரு கூரைக்குக் கீழே சரிப்படாது.

ஏ.சி. இப்போது வாங்க வேண்டாம். வந்த அன்றே அதற்குள் உட்கார்ந்துவிட்டால் உடம்பு எப்போது பழகுவது? அடுத்த சித்திரையில் தாங்க முடியவில்லை என்றால் நானே வாய்விட்டுக் கேட்கிறேன். அப்போது வீம்பு பிடிக்க மாட்டேன், அப்பாயி பட்டதைப் பார்த்தவன் நான்.

சாமான் அதிகம் இல்லை. கட்டில், பீரோ, மிக்சி, பாத்திரம், அம்மாவின் தையல் மிஷின். விறகு பாய்லரை இங்கேயே விற்றுவிடுகிறேன், உங்கள் ஊரில் குழாயில் வருவதே வெந்நீர்தான். கம்பளிகளில் இரண்டை மட்டும் கொண்டுவருகிறோம், மற்றதைப் பக்கத்து லைன் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். மங்கி குல்லாவை எடுத்து வராதே என்று நீ சொன்னதை அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். அது வரும். தெர்மாமீட்டரும் வரும், அங்கே அதை எங்கே மாட்டுவது என்று யோசித்து வை. வெயில் படாத சுவராக இருக்க வேண்டும்.

வண்டிக்கு இங்கே கேட்டால் ஏறுக்குமாறாகச் சொல்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர் யாரோ மினி லாரி வைத்திருப்பதாகச் சொன்னாரே, அவரிடம் வாடகை பேசி வைக்கச் சொல். நீங்கள் எங்களைக் கூட்டிப்போகக் காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் போட மறந்துவிடாதே. நம் வீட்டுக்கு வருவதற்கும் பாஸ் வேண்டும், என்ன செய்வது, கார்களில் நீலகிரிப் பதிவு டி.என். 43 வண்டிக்குத்தான் விலக்கு. லாரிக்காரர் ஆறு மணிக்கெல்லாம் இங்கே வந்தாக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் கொண்டை ஊசி வளைவில் எதிரே வருவது தெரியாது.

வீட்டு அட்வான்ஸ் எவ்வளவு என்று தெரிந்ததும் சொல், இங்கே உள்ள அட்வான்ஸைத் திருப்பி வாங்கி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய். முதலில் என்னிடம் பேசு, பிறகு அம்மாவிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா