மலையில்லாத கரைக்கு மலை நிழல் எதற்கு?

இராமநாதபுரம் கரையோரத்துக்குச் சுற்றுலா வரைபடம் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். வரைபடத்தில் தாழ்நிலத்துக்குப் பச்சை, மேட்டுக்குப் பழுப்பு நிழல் என்பது பாடப்புத்தக வழக்கம். கொடைக்கானலுக்கு அது சரி. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எங்கள் கரை முழுக்கத் தாழ்நிலம்தான். ஆகவே உங்கள் தாளில் அது பச்சைப்பசேலென்று கிடக்கிறது. வெளியூர்க்காரர் அதைத் தோப்பு என்றே எடுத்துக்கொள்வார். வந்து பார்த்தால் உவர்நிலம், உப்பளம், சீமைக் கருவேலம்.

கெந்தமாதன பர்வதத்தின் கதை நேரெதிர். இராமேசுவரம் தீவிலேயே உயரமான இடம்தான், ஆனால் வெறும் மணல்மேடு. மேட்டின் மேலுள்ள மண்டபத்தின் அடிவரை ஆட்டோ போகிறது. மிச்சம் கொஞ்சம் படிகள். பெயரில் பர்வதம் இருக்க, நீங்களும் பழுப்பு நிழல் தீட்டிவிட்டால், முட்டிவலிக்காரர் பழனியை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே வருவதில்லை.

இங்கே 20 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடு போட்டால் பல மைலுக்குக் கோடே விழாது. நடப்பவருக்கு வேண்டியது உயரம் அல்ல, தரை எப்படிப்பட்டது என்பதுதான். 1964 புயல் அழித்த தனுஷ்கோடிக்கு 2017 வரை வேன்கள் மணலிலும் தண்ணீரிலும் உருண்டு போயின. பயணிக்கு அப்போது தரையைப் பற்றி யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, இடுப்பெலும்பே சொல்லிவிடும். இப்போது தாளில் ஒரு சிவப்புச் சாலை, இருபுறமும் ஒரே மஞ்சள். அந்த மஞ்சளுக்குள் இறுகிய மணலும் இருக்கிறது, கணுக்கால் புதையும் மணலும் இருக்கிறது, மழைக்குப் பின் காயாத சேறும் இருக்கிறது. புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்தாலே மூன்றையும் பிரித்துக் காட்டிவிடலாம்.

கடலுக்கும் ஒரே நீலம் போதாது. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்குப் பருவக் காற்றில் அலை எகிறும். எந்தப் பக்கம் பிள்ளைகளைக் காலை நனைக்க விடலாம் என்று வரைபடம் சொல்லட்டும். தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனையின் மணல் நுனி இடம் மாறிக்கொண்டே இருப்பது. அதை அழுத்தமான கோட்டில் வரையாதீர்கள். இடைவெளி விட்டு விட்டு வரைந்து, அளந்த மாதத்தையும் ஆண்டையும் பக்கத்தில் போடுங்கள்.

இன்னொன்று: நிழலின் மேல் பொடி எழுத்தில் 'ஏர்வாடி' என்று அச்சிட்டால் ர் மேலுள்ள புள்ளி காணாமல் போகிறது.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன், ஒரு தாளை இராமேசுவரம் பஸ் நிலையத்து ஆட்டோ ஓட்டுநர்களிடம் கொடுங்கள். எங்கே சேறு, எங்கே வண்டி சிக்கும் என்று பேனாவாலேயே குறித்துத் தருவார்கள்.

இப்படிக்கு,
பாம்பன்வாசி ஒருவன்